நம்லாக்

காந்தி ரோட்டிலிருந்து ஒடியும் சந்தில் எங்கள் லாட்ஜ்.
பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
இரவு ரிசப்ஷன் நான்.

முதலாளி ஏகாம்பரம் சத்துவாச்சாரியில்
செகண்ட்ஹேண்டாகப் பிடித்த லேப்டாப்.
'எல்லா கீயும் வேலை செய்யுது' என்றுதான் தந்தார்.
செய்தது. அதுதான் தொல்லை.
விமானப் படத்தில் விரல் பட்டால் நெட் பறந்துவிடும்.
இன்சர்ட், எழுத எழுத
முன்னால் இருக்கும் எழுத்தைத் தின்னும்.
பன்னிரண்டாம் அறையின் பாக்கியைத் தின்றது,
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
மூலையில் எஃப்என்,
தனியாய் அமுக்கினால் ஒன்றும் ஆகாது.
யாராவது கூட வந்தால்தான் வாய் திறக்கும்,
என் சின்ன நாத்தனார் மாதிரி.

மூன்றரை மணிக்கு
காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வந்தாள்.
பின்னால் சுவரைப் பிடித்தபடி புருஷன்.
பேர்?
மௌமிதா.

எம் அடித்தேன், பூஜ்யம் விழுந்தது.
ஓ அடித்தேன், ஆறு.
யூ நாலு. மறுபடி எம், மறுபடி பூஜ்யம்.
ஐ ஐந்து.
கடைசி டியும் ஏவும் மட்டும்
அவள் பேரில் மிச்சம்.
அழித்தேன், அடித்தேன், அழித்தேன்.

எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
போன வருஷத்து ஆஸ்பத்திரி நம்பர், ரத்த வங்கி நம்பர்,
ரயில் நம்பர் எல்லாம் இருந்த அட்டையில்
இதையும் எழுதி
கீழே கோடு போட்டாள்.
இது நம்பர் இல்லை என்று
என் லாட்ஜ் இந்தியில் சொன்னேன்.
தலையாட்டினாள்.
இன்னும் கொஞ்சம் அழுத்திக் கோடு போட்டாள்.

காலையில் வாட்டர் கேன் இம்தியாஸ் சிரித்தான்:
'இன்னாக்கா, நம்லாக் ஆன்ல கீது.
எஃப்என்னோட சேத்து அமுக்கு.'
அமுக்கினேன். எம், எம்மாக வந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
யூவின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு நாலு,
கடுகளவு.
பதினோரு மாசமாய் என் விரலுக்கடியில்.
ரெஜிஸ்டரில் பேரைத் திருத்திவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அறையைக் காலி செய்தார்கள்.
புருஷன் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தார்.
அவள் அட்டையை நீட்டி
கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தாள்.

எஃப்என். நம்லாக்.
எம், ஓ, யூ, எம், ஐ, டி, ஏ.
பில்லை வாங்கி அட்டையோடு வைத்து
ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள்.
எல்லாம் சரி.
வாடகையில்தான் இருநூறு கூட இருக்கிறது என்றாள்.
இருந்தது.