பதினோராம் நாள்

பள்ளிகொண்டா கூட்ரோட்டில்
குடியாத்தம் பஸ் இறக்கிவிட்டுப் போன அட்டைப்பெட்டிக்குள்
நூறு குஞ்சுகள்.
கொசுறாக இரண்டு.

போன ஈட்டில் முப்பத்தெட்டு செத்தன.
பதினோராம் நாள், எச்சத்தில் ரத்தம்.
ஒன்றை பிளேடால் அறுத்துப் பார்த்தேன்.
உடம்பைவிட நீளமான குடல்,
உள்ளே தக்காளி ரசம் மாதிரி.
ஒரு மாதம் வீட்டில் ரசம் வைக்கவில்லை.

வேலூர்க் கோட்டையை
ராஜா இல்லாத கோட்டை என்பார்கள்.
பிறந்த குஞ்சின் குடலும் அப்படித்தான்:
மதில் இருக்கிறது, காவலுக்கு ஆளில்லை,
முதலில் நுழைகிறவன் வைத்ததே சட்டம்.

வேண்டாம், கோட்டை பெரிய பேச்சு.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
ஜன்னல் வழியே துண்டு போட்டு
சீட் பிடிக்கிறார்களே,
அதைத்தான் நான் செய்தேன்.
தீவனம் கண்ணில் படுவதற்கு முன்னால்
நீர்க்கக் கடைந்த மோர்.
கெட்டது ஏறும்போது
உட்கார இடம் இருக்கக்கூடாது.
ஒவ்வோர் அலகாகத் தொட்டு முக்கினேன்.
நூற்றிரண்டு அலகு. இடுப்பு விட்டுப்போனது.

"இன்னாக்கா, குஞ்சுக்கு மோர்ப் பந்தலா?"
மருந்துக்கடை தயாளன் சிரித்தான்.
அவனிடம் பழைய பாக்கியே எழுநூறு.

பிறகு கம்பு நொய்.
காம்பு கிள்ளிப் பொடியாக அரிந்த முருங்கைக்கீரை.
பூண்டு இரண்டு பல், மஞ்சள் ஒரு சிட்டிகை.
பூண்டு மூன்றானால்
முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.
கோழிக்கு ருசி தெரியாதென்று
எவன் சொன்னான்?
பொழுது சாய்ந்ததும் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன்,
ஊறிய கொண்டைக்கடலைபோல்
மெத்தென்று இருக்கவேண்டும்.

பத்தாம் நாள் ராத்திரி தூக்கம் இல்லை.
கூண்டடியில் பேப்பர் விரித்திருந்தேன்,
வேலூரில் நூற்றாறு டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பேப்பர்.
நாலரை மணிக்கு டார்ச் அடித்தால்
அந்த எழுத்தின் மேலேயே
கெட்டியாக, பழுப்பாக,
உச்சியில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளை.
இவ்வளவு அழகான பீயை
நான் பார்த்ததே இல்லை.

ஷூ கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த
தணிகாசலத்தை எழுப்பிக் காட்டினேன்.
"இதுக்கா எழுப்பின?"
திரும்பிப் படுத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து, இருட்டிலிருந்து:
"எல்லாத்துக்கும் அப்படியேவா?"

தொண்ணூற்றொன்பது.
ஒன்று தண்ணீர்த் தட்டில் மூழ்கியது.
மற்ற இரண்டும் ஏன் போயின, தெரியாது.
அறுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

மோர்ச்சட்டி அடியில் ஒரு டம்ளர் மீதி இருந்தது.
உப்புப் போடாமல்
நின்றபடியே குடித்தேன்.