நாற்பத்தேழாம் பக்கம்

நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது:
உங்கள் நகரின் பண்பாடு
ஐரோப்பாவின் பொது அடையாளத்துக்கு
எவ்வகையில் வலு சேர்க்கும்?
ஆயிரம் எழுத்துகளுக்கு மிகாமல்,
இடைவெளிகள் உட்பட.

நகராட்சித் திட்டப் பிரிவில்
வெந்நீர்க் குழாய் சூடேறாத அறையில்
கோட்டைக் கழற்றாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.
'நாங்கள்' என்று தொடங்கினேன்.

நாங்கள்,
பீட்ரூட் சர்க்கரை ஆலை போனபின்
அதன் புகைபோக்கியை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்.
நாங்கள்,
டான்யூபின் தென்கரையில் துணி உலர்த்தி
வடகரை வானொலியின் மழையை நம்புகிறவர்கள்.

எட்டிப் பார்த்த ஸ்த்ராவ்கா சொன்னாள்:
"இடைவெளிகள் உட்பட என்கிறார்களே,
இடைவெளிகளையே எழுதி அனுப்பேன்.
இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?"

பணம் வந்தது.
பணத்தோடு ஒரு வரைபடமும் வந்தது.

சதுக்கத்தில் எதிரெதிரே கிடந்த
பதினான்கு மரப் பெஞ்சுகளைப் பெயர்த்தார்கள்.
செஸ் காய்கள் பறந்த பெஞ்சுகள்,
விவாகரத்துகள் முதலில் அறிவிக்கப்பட்ட பெஞ்சுகள்,
அடியில் சூரியகாந்தி விதைத் தோல்
ஆண்டுக்கணக்கில் படிந்த பெஞ்சுகள்.
அந்த இடத்தில்
சாம்பல் கல்லில் ஒற்றை இருக்கைகள்,
ஆளுக்கொரு திசை பார்த்து,
யாரும் படுத்துவிடாதபடி சரிவாக.
வடிவமைத்தவர் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்:
உரையாடல்.

முதல் ஞாயிறு புறாக்கள் மட்டும் வந்தன.

இரண்டாம் ஞாயிறு
ஓய்வுபெற்ற எல்லைக் காவலர் ஓக்னியான்
சமையலறை நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி வந்தார்.
நடுச் சதுக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.
எதிரே ஆள் வேண்டுமே என்று
ரொட்டிக் கடை மித்கோ முக்காலியோடு வந்தான்.
பிறகு முடிதிருத்தகத்தின் சுழல் நாற்காலி,
கால் ஒடிந்து கயிறு கட்டிய ஒன்று,
குழந்தைக்குச் சோறூட்டும் உயர நாற்காலி, குழந்தையோடு.

ஆற்றோர நடைபாதைக்காக வீடு இடிபட்ட
கிளாரினெட்காரர் யாஷார்
இடிபாட்டில் மிஞ்சிய ஒரே நாற்காலியோடு வந்தார்.
உட்காரவில்லை.
அதன்மேல் தொப்பியை வைத்துவிட்டு
நின்றுகொண்டே வாசித்தார்.
விண்ணப்பத்தில் அவர் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறார்,
'வாழும் இசை மரபு' என்ற தலைப்பில்,
முகவரி இல்லாமல்.
எழுதியவன் நான்.

வடகரைப் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஸ்மாரண்டா
பாலம் முழுவதையும் நாற்காலியோடு நடந்தே கடந்தாள்.
சாவடியில் ஆள் இல்லை,
தடுப்புக் கம்பம் வானம் பார்த்து நின்றது.
சதுக்கத்தில் அவளைக் கண்டதும்
ஓக்னியான் எழுந்துவிட்டார், முப்பது வருடப் பழக்கம்:
"அறிவிக்க வேண்டிய பொருள் உண்டா?"
"ஒரு நாற்காலி. இரண்டு முழங்கால்."
பேசியது,
இருவருக்கும் பள்ளியில் திணிக்கப்பட்டு
இருவருமே வெறுத்த மூன்றாம் மொழி.
அதில் எஞ்சியிருந்த இருபது முப்பது சொற்களை வைத்து
மாலை வரை சிரித்தார்கள்.

மே மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது.
நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது.
"அற்புதமான மக்கள் பங்கேற்பு! யாருடைய யோசனை?"
மேயர் தொண்டையைச் செருமினார்.
தூறல் விழுந்தது.
வடகரை வானொலி காலையிலேயே சொல்லியிருந்தது.
அவரவர் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு
அங்கேயே நின்றார்கள்,
காலுள்ள குடைகள் மாதிரி.
கல் இருக்கைகளில் தண்ணீர் சரிவாக வழிந்தது.
யாஷார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.
வெறும் நாற்காலியைக் கண்ணால் காட்டினார், எனக்கு.
நான் நனைந்தபடி நின்றேன்.

இப்போது இரண்டாம் கட்டப் படிவம்.
அதே கேள்வி, அதே ஆயிரம்.
இந்த முறை 'நாம்' என்று தொடங்கியிருக்கிறேன்.
"யாஷாரின் வீட்டையும் சேர்த்தா?"
தோளுக்குப் பின்னால் ஸ்த்ராவ்கா.

இன்னும் அழிக்கவில்லை.
சேமிக்கவும் இல்லை.