பூஜ்ஜியம் பைட்

எபென் கோபுரத்தின் எட்டாம் மாடி.
குளிரூட்டி என் கழுத்துக்கு நேரே.
டிக்கெட்டின் கடைசி நாலு இலக்கம் 7716,
மதாம் மர்தேமூத்து, ரோஸ் பெல்,
பென்ஷன் பிரிவு.
குறை: கோப்பு ஏறவில்லை.

ஏறியிருக்கிறது என்கிறது சர்வர்.
ஒருமுறை இல்லை, பதினோரு முறை.
ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக்,
ஒவ்வொன்றுக்கும் "வெற்றி".
திறந்து பார்த்தால்
பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது,
அளவு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம்.

முதலில் டோக்கனைச் சந்தேகப்பட்டேன்.
அதற்கு ஆயுள் இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.
பிறகு எடையை.
படத்தை எழுத்தாக்கி அனுப்பும்போது
மூன்று படி நாலு படியாக உப்பும்,
நாலு எம்பிக்கு மேல் வாசல் திறக்காது.
அளந்தேன். அரை எம்பிகூட இல்லை,
பஸ் நிலையக் கடையில் இருபது ரூபாய்க்குச்
சாம்பல் நிறத்தில் ஸ்கேன் எடுத்தது.

அஷ்ஃபாக் எட்டிப் பார்த்து
கேஷை அழி என்றான்.
எதற்கும் அதைத்தான் சொல்வான்,
காய்ச்சலுக்குக்கூட.

போன் போட்டேன்.
குரலுக்கு முன்னால் குக்கர் விசில்.
"மோ திஃபி, இன்னொரு தடவை அனுப்பவா?
அனுப்பி அனுப்பிப் பழகிவிட்டது."
வேண்டாம், மதாம்.
கோப்பின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாய்ச் சொல்லுங்கள்.
கண்ணாடி தேடும் சத்தம்.
ஆக்த். தெ. தெசே.
இறப்புச் சான்று.
கடைசிச் சொல்லில் எந்த எழுத்தின் மேல் கோடு?
"ரெண்டாவதில் வலப்பக்கம் சாய்ந்தது,
நாலாவதில் இடப்பக்கம்.
சரியாகத்தான் போட்டேன்,
கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான்."

அங்கேதான்.
அந்த இரண்டு கீற்றில்
தலைப்புவரி முறிந்து
உடல் வந்து சேராமல் போயிருக்கிறது.

சனிக்கிழமைக் கோயில் வகுப்பில்
எனக்குத் தங்கிய இலக்கணம் ஒன்றே ஒன்று:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மிஞ்சும்.
இங்கே தலைகீழ்.
தலையில் கீறினால் மெய் போய்விடுகிறது,
பெயர் மட்டும்
பதினோரு முறை உயிரோடு.

புனேயிலிருந்து டெவலப்பர் சாட்டில் வந்தார்.
அக்சான் போட வேண்டாமெனக்
கஸ்டமர்களிடம் சொல்லிவிடுங்கள்.
தட்டினேன்:
இந்தத் தீவில் அக்சான் இல்லாமல்
யாரும் சாக முடியாது, சார்.
அதை அழித்துவிட்டு
சரி, சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

பெயரை மொட்டையடித்து நானே ஏற்றினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கேபி.
திறந்தது.
மர்தேமூத்து, சதாசிவென்.
தொழில்: பஸ் கண்டக்டர்.
நேரம்: விடிகாலை நாலு இருபது.
முத்திரை கொஞ்சம் கலங்கியிருந்தது,
அது ஸ்கேனர் கோளாறு, என்னுடையதல்ல.

"லி ஃபின் வினி?" என்றார்.
வந்தாச்சா என்று.
கிரியோலில் அவருக்கும் அதற்கும் ஒரே சொல்.
வந்தாச்சு, மதாம் என்றேன்,
கோப்பைத்தான் கேட்கிறார்
என்று எடுத்துக்கொண்டு.

மீதிப் பதினொன்றையும் அழிக்க வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி எழுந்து
நிச்சயமா என்கிறது.
நிச்சயம்.
நிச்சயம்.
ஆறாவதில் நிறுத்திப் பால் டீ எடுக்கப் போனேன்.
திரும்பியபோது மோகா மலையை
மழை பாதிக்குமேல் தின்றிருந்தது.
பெட்டி அப்படியே நின்றது.

காரணம் என்ற இடத்தில் மூன்று தெரிவு:
பயனர் தவறு, நெட்வொர்க், மற்றவை.
பயனர் தவறு முன்பே தேர்வாகியிருந்தது.
மற்றவைக்கு மாற்றினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பணம் விழுமா என்று
வைப்பதற்கு முன் கேட்டிருந்தார்.
அது வேறு பிரிவு.
அவருக்காகப் புது டிக்கெட் திறந்தேன்.
பெயர், ஊர், தொலைபேசி,
அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்:
இணைப்பு கட்டாயம்.