பதினேழாவது நாற்காலி

இதே நாற்காலிகள்தான்.
போன வாரம் எட்டாம் மாடி சாவுக்கு
ஐந்து இரவு கண்விழித்தவை.
சனிக்கிழமை மலாய்க் கல்யாணத்தில்
பிரியாணி சிந்திக்கொண்டவை.
இன்று வியாழன், காலை ஒன்பது மணி,
ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே
அவற்றை வட்டமாய்ப் போட்டு
யோகா என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
உட்கார்ந்து உட்கார்ந்தே கெட்டவன் நான்.
இருபத்திரண்டு வருஷம்
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கிரேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டு,
இரண்டு முழங்கால்களுக்கு நடுவே ஒரு கப்பல்.
குனிந்தே பார்த்ததில்
கழுத்து கொக்கியாகிவிட்டது.
உலகத்தைக் கொள்கலன் கொள்கலனாய்த் தூக்கி வைத்தவனுக்கு
மேல் அலமாரியிலிருந்து மைலோ டின் எடுக்க
பெண்டாட்டி வரவேண்டியிருக்கிறது.

நாற்காலி செய்த கேட்டை நாற்காலியா தீர்க்கும்?
முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்றாள் தவமலர்.
பழமொழிக்கு எதிர்ப்பழமொழி
உடனே வாய்க்காத ஒரே காரணத்தால்
லிஃப்டில் இறங்கினேன்.

ரொஹானா சொன்னாள்:
நுனிக்கு வாருங்கள், சாயாதீர்கள்,
பாதம் தரையில் இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்.
கேட்டேன்.
நாற்பது மீட்டருக்குக் கீழிருந்து
பதில் ஏறி வர நேரமாயிற்று.

மூச்சோடு கைகளைத் தூக்கு என்றாள்.
வலக்கை காதுவரை போனது.
இடக்கைக்குத் தோளோடு ஏதோ பழைய தகராறு.
பக்கத்தில் பல்தேவ்,
இராக்காவல் முடித்துச் சீருடையோடு வந்தவர்,
நாலாவது மூச்சில் குறட்டையே விட்டார்.
அதுவும் நல்ல மூச்சுதான் என்று
ரொஹானா எழுப்பவில்லை.
எதிரில் திரு. கோ,
பக்கவாதம் எடுத்துக்கொண்ட கையை
மிச்சமிருக்கும் கையால் தூக்கி
விருந்தாளியை அமர்த்துவதுபோல்
மடியில் வைத்தார்.
ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண்,
இங்கே யாரும் தரையில் படுக்கச் சொல்வதில்லை
என்பதற்காகவே வருபவள்.

ஒருவர் விரலும் பாதத்தைத் தொடவில்லை.
முழங்கால்வரை போனால் முழங்கால்.
அங்கேயும் உடம்புதான் இருக்கிறது.

மூன்றாம் வியாழன்.
சக்கர நாற்காலியில் மேடம் ஆங்,
பின்னால் சுலஸ்திரி.
வழக்கம்போல் நின்றாள்.
ஒரு கை பிடியில், மறுகையில் தண்ணீர்ப் போத்தல்,
தோளில் துண்டு, மணிக்கட்டில் மருந்துப் பை.
மேடம் கை தூக்கினால் முழங்கையைத் தாங்குவாள்.
மேடம் மூச்சு விட்டால்
அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

அன்று ஒரு நாற்காலி மிச்சம்.
ரொஹானா அதைக் காலால் மெல்லத் தள்ளி
மலாயில் உட்கார் என்றாள்.
சுலஸ்திரி மேடத்தைப் பார்த்தாள்.
கழுத்தை இடப்பக்கம் திருப்பும் பயிற்சியில் இருந்த மேடம்
திருப்பிய கழுத்தோடு சொன்னாள்:
உட்காரேன். நின்று காற்றை மறைக்கிறாய்.
அந்த வீட்டில் அன்புக்கு அதுதான் உச்சரிப்பு போல.

உட்கார்ந்தாள்.
பட்டும் படாமலும், நுனியில்,
கூப்பிட்டால் எழுந்து ஓடத் தோதாக.

நுனிதான் சரி என்றாள் ரொஹானா.

கண்ணை மூடச் சொன்னார்கள், நான் மூடவில்லை.
சுமை தெரிந்தவன் நான்.
கொள்கலன் லாரியில் இறங்கிப் பூட்டு விட்டதும்
வெறுங்கம்பி சும்மா இராது,
கொஞ்ச நேரம் தன்பாட்டுக்கு ஆடும்.
அவள் தோள்கள் அப்படி ஆடின.
போத்தலை எப்போது கீழே வைத்தாள் என்று
அவளுக்கே தெரிந்திருக்காது.

பத்தரைக்கு நாற்காலிகளை அடுக்கினோம்.
ராத்திரி வேறு யாருக்கோ வேண்டுமாம்.
அடுக்குவது என் தொழில்,
ஆனாலும் எட்டாவதை ஏற்றும்போதுதான் கவனித்தேன்
இடக்கையும் கூடவே வந்திருப்பதை.

மைலோ டின் இன்னும் எட்டவில்லை.
அடி விளிம்பில் விரல் படுகிறது.
தவமலர்தான் எடுத்துத் தருகிறாள்,
ஒவ்வொரு முறையும்
ஒரு பழமொழியோடு.