ஜனவரியில் ஒரு செருப்பு

கிருனாவில் அன்று மைனஸ் இருபத்தேழு.
கதவைத் திறந்தவள் கூடவே
ஒரு வாளிக் குளிரையும் உள்ளே கொட்டினாள்.
சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள், பெயர் ஹில்லேவி.
"சைக்கிள் ஷூ வேண்டும்,
நகராத சைக்கிளுக்கு."

எனக்குப் புரிந்தது.
நவம்பர் வந்துவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர்
பின்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை ட்ரெய்னரில் பூட்டி
சுவரைப் பார்த்தபடி மலையேறுகிறவர்கள்தான்.

கார்பன் அடிப்பாகம் கொண்டதை எடுத்து வைத்தேன்.
விலையைச் சொல்லும்போது
என் குரல் தானாகத் தணிந்தது.
"காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்" என்றேன்.
"எங்கள் கொதிகலன் அறையில்
கிழிக்க ஏது காற்று?"

அடுத்தது மழை புகாதது. சிரித்துவிட்டாள்.
"மழை உள்ளேயிருந்துதான் பெய்கிறது.
நாற்பதாவது நிமிடத்தில் விரல்களுக்கிடையே குளம்."
லேஸ் வேண்டாம், நனைந்தால் முடிச்சு இறுகிவிடும்.
திருகு வைத்தது மேற்பாதத்தில் அழுத்தும்.
ஓர் அளவு பெரிதாக?
அதையும் பார்த்தாயிற்று;
முதல் அரைமணி குதிகால் ஆடும்,
அப்புறம் கால் வீங்கி அதுவும் போதாது.
பூட்ஸைக் கழற்றி, இரண்டடுக்கு சாக்ஸை உருவிக்
கட்டைவிரலைக் காட்டினாள்.
நகம் தாதுக்கல் மாதிரிக் கறுத்திருந்தது.

பதினோரு பெட்டிகள் தரையில் திறந்து கிடந்தன.
மெல்லிய காகிதங்கள் ஹீட்டர் காற்றில்
எழுந்து எழுந்து அமர்ந்தன.
ஏன் கேட்டேனோ தெரியவில்லை:
"வெறுங்காலோடு மிதிக்க முடிந்தால்?"
"முடிந்தால் இங்கே வருவேனா?"

கிடங்கில், ஜூன் மாதத் தூசிக்கடியில்
விற்காத ஒரு ஜோடி இருந்தது.
கீழே கிளீட் பூட்டும் துளைகள்,
மேலே மூன்று பட்டைகள். மற்றபடி செருப்பு.
அதை வாங்கிப் போட்டதற்காக
என் பங்குதாரர் ஸ்டுரே
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கிளீட்டைத் திருகிக் கொடுத்தேன்.
நின்றாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள்.
கறுத்த நகத்தின்மேல் எதுவுமே இல்லை.
காட்சிக்கு ட்ரெய்னரில் நின்ற சைக்கிளில் ஏறி
கிளிக், கிளிக்,
இறங்க மறந்தவள்போல மிதித்துக்கொண்டேயிருந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே
பகல் இரண்டு மணிக்கே தெருவிளக்கு.

பில் போடும்போது ஒரு தகராறு.
பெட்டிமேல் 'கோடைத் தள்ளுபடி' ஒட்டியிருந்தது.
"இப்போது கோடை இல்லையே" என்றேன்.
நெற்றியை விரலால் வழித்து
அந்த விரலை மேசைமேல் வைத்து எடுத்தாள்.
ஈரமாக ஒரு வட்டம்.

பாதி விலைக்குத்தான் கொடுத்தேன்.