மூன்றாவது பத்தி

செந்தூல் கிடங்கில் இந்த வாரம் எங்களுக்குப் பேனா வேலை.
கட்டைப் பிரிக்கணும்,
பதினெட்டாம் பக்கம் திருப்பணும்,
மூன்றாவது பத்தியில் நாலு வரியைக் கறுப்பாக்கணும்.
எழுத்து தெரியக் கூடாது
தாளும் கிழியக் கூடாது லா, என்றார் குணாளன்.
என் பாஸ்போர்ட் இருக்கும் மேசை டிராயரைப்
பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஏழாயிரம் பிரதி.
எதிரே சொஹேல், குமில்லாக்காரன்.
இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது.
அதற்காகத்தான் எங்களை உட்கார வைத்தார்களோ என்று
முந்நூறாவது பிரதியில்தான் உறைத்தது.

ஆனால் எண் தெரியும்.
இரண்டாவது வரியில் ஒரு ஐந்து, பின்னால் நாலு சைபர்.
சம்பளச் சீட்டில் தேடித் தேடிப் பழகிய சைபர்கள்.
மாமாக் கடையில் எண்ணெய் உறிஞ்சக் கிடந்த
உள்ளூர்ப் பேப்பரிலும் அந்த ஐந்தைப் பார்த்தேன்.
அங்கே சைபர் மூன்று.

சனிக்கிழமை புடுவில் எங்கள் அறைக்குக் கீழே
தெரு தெரியவில்லை. தலைதான் தெரிந்தது.
பிறகு தலையும் தெரியவில்லை,
புகை மாடிப்படி ஏறி வந்து
ஊறப்போட்ட அரிசிவரைக்கும் காரம்.
ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு
ஒன்பது பேர் குளியலறையில் நின்றோம்.
பக்கத்து அறை டிவியில்
யாரோ டுரியான் பழத்தைத் தட்டித் தட்டி
எது நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

இரவு பூங்கோதை கூப்பிட்டாள், அறந்தாங்கியிலிருந்து.
"அங்க கலவரமாமே? டிவில ஓடுது."
இங்க மழை, என்றேன்.
"பொகையால்ல காட்றான்?"
மழைதான்.
"கண்ணு ஏன் அப்படிச் செவந்திருக்கு?"
நனைஞ்சிட்டேன்.
சாலையைத் தாண்டி ஒரு ஒற்றைச் செருப்பு
அதுவரை யாரும் எடுக்காமல் கிடந்தது.

அவளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.
இருந்த இடத்தில் இருந்துகொண்டு
நான்தான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்:
எத்தனை பேராம்?

சோறு பிசையும்போது விரலில் மை.
எலுமிச்சை, மண்ணெண்ணெய், எதற்கும் போகவில்லை.

இன்று மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கினார்கள்.
வெயில் தரையோடு தவழ்ந்து வந்து
காயப்போட்ட பக்கங்களில் சாய்வாக விழுந்தது.
கறுப்புக்கு அடியிலிருந்து அச்சு மினுங்குகிறது.
நாலு வரியும்.
சைபர் நாலும்.

குணாளனிடம் சொல்லவில்லை.
கேட்டால்தானே சொல்ல.
சொஹேலும் தாளைச் சாய்த்துப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மூக்கைச் சொறிந்து அங்கும் கொஞ்சம் மை ஆக்கிக்கொண்டு
அடுத்த கட்டைப் பிரித்தான்.