நாடா நகரும் நிமிடங்கள்

நான்கு பெட்டிகளையும் முதலில்
மொட்டை மாடியில் ஒரே தார்ப்பாய்க்கடியில் வைத்தோம்.
ஒரே காற்று, ஒரே உயரம்,
ஒரே நீளத்துக்கு வெட்டிய குழாய்.
ஐந்து நாள்.
நாலும் நாலு சொல்லின.

பழசு எப்போதும் கூட்டிச் சொல்லும்,
நூற்றுக்குப் பன்னிரண்டு.
புதுசில் ஒன்று வெயில் ஏறினால் உளறும்.
மற்ற இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வாரத்துப் பிறப்பு.
ஒன்று இருமினால் ஒன்று இருமும் என்று நம்பியிருந்தேன்.

"இதுல எதுங்க நெசம்?"
ஈரத்துணி வாளியோடு மாடியேறி வந்தார் கலாமணி.
வீடு அவருடையது. நாளுக்கு நூற்றைம்பது,
கரண்டுக்குத் தனி.
எதுவுமில்லை, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி
ஒன்றுக்கொன்று சம்மதிக்க வைப்போம் என்றேன்.
"பங்காளிகளுக்குப் பஞ்சாயத்துன்னு சொல்லுங்க"
என்று ஒரு லுங்கியை உதறினார்.
தார்ப்பாயில் தண்ணீர் தெறித்தது.

காங்கேயத்திலிருந்து ஊதியூர் போகும் சாலை.
வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய்க் களம்,
அதற்கும் அப்பால் தொட்டிக்கரி சுடும் குழிகள்.
இரவு பத்தரைக்கு மேல்தான் தீ வைப்பார்கள்.
கலாமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் அங்கேதான் வேலை.
பகலில் தூங்குவார்.
பம்பு சத்தத்துக்குத் திட்டுவார்.

பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் காகித நாடா.
அதன்மேல் மிளகளவு வட்டம்.
அந்த வழியாகக் காற்றை இழுத்தால் கரி தங்கும்,
ஒளி எவ்வளவு மங்கியது என்பது கணக்கு.
ஒரு குறை:
கறுக்கக் கறுக்க அதற்குக் கறுப்பு உறைப்பதில்லை.
புதுக் காகிதம் பதறுகிற புகைக்குப்
பழகிய காகிதம் பாதிதான் பதறும்.
அதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறோம்.
ரொம்பக் கறுத்தால் நாடா தானே நகர்ந்து
அடுத்த வெள்ளைக்கு வரும்.
அந்தப் பதினோரு நிமிடம்
பெட்டி எதையும் பார்ப்பதில்லை.

ஆறாம் நாள் இரட்டையர் இருவரையும்
சமையலறைப் பரணில் ஏற்றினோம்.
மற்றவை மாடியிலேயே.

காலை நாலே முக்கால்: உள்ளே ஏற்றம்.
கொல்லைத் தண்ணியடுப்பில் மட்டையும் பாளையும்.
ஏழு பத்து: வெளியே மட்டும் ஓர் ஊசி.
பழனிக்கு நடப்பவர்களுக்குப் பின்னால்
மைக் கட்டி ஊர்ந்த டெம்போ.
இரவு பத்து ஐம்பது: குழிகள்.
வெளியே ஏறி நாற்பது நிமிடம் கழித்துத்தான் உள்ளே ஏறும்.
வெளியே தெளிந்த பிறகும்
கிளம்பிய விருந்தாளி வாசலில் பேசி நிற்கிற மாதிரி
உள்ளே ஒரு மணி நேரம் நிற்கும்.

ஒன்பதாம் இரவு, இரண்டு பதினேழு.
உள்ளே, ஒரே ஒரு பெட்டியில்,
ஒன்பது நிமிடம்,
குழிகள் எட்டாத உயரம்.
அதன் இரட்டை அப்போது
நாடாவை நகர்த்திக்கொண்டிருந்தது.

கோயமுத்தூரில் வரைபடம் போட்டுப் பார்த்தார்கள்.
இரண்டாயிரம் புள்ளிகள் ஒரு கோட்டில் ஒட்டியிருக்க,
பெருங்கூட்டமாய் வெற்றிடங்கள் சேர்ந்த ஓரத்தில்
துணையில்லாத ஒன்பது.
கருவிக் கோளாறா, கேட்டு வா என்றார்கள்.

கேட்டேன்.
கலாமணி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.
இன்னொன்றையும் கவிழ்த்து வைத்தார்.
"பேப்பர்தானுங்க. கொஞ்சம் பேப்பர்."
உள்ளறையில் சென்னியப்பன் புரண்டு படுக்கும் சத்தம்.
"அந்தப் பொட்டி ஆர்கிட்டயும் சொல்லாதுங்களே?"
எவ்வளவு என்று சொல்லும்,
என்ன என்று சொல்லாது என்றேன்.
"எவ்வளவுன்னு போட்டிருக்குது?"
சொன்னேன்.
"அத்தனையா" என்றார், மெதுவாக,
ஏதோ அதிக விலை சொன்ன மாதிரி.

காரணம் என்ற கட்டத்தில்
'உள்ளூர் நிகழ்வு' என்று எழுதினேன்.
கோளாறு என்று எழுதியிருந்தால் வேலை சுலபம்.
பெட்டி பிழை செய்யவில்லை.

நாடாச் சுருளைக் கழற்றி உறையிலிட்டு
தேதி ஒட்டியிருக்கிறேன்.
நாற்பத்து மூன்றாவது பொட்டு.
அதில் அந்தக் காகிதம் இருக்கிறது,
தொட்டிக்கரியோடும் தண்ணியடுப்போடும் சேர்ந்து,
பிரித்தெடுக்க
எங்களிடம் கருவி இல்லாதபடி.